முப்பத்தொரு தீப்பெட்டிகள்

முத்துப்பேச்சி அக்கா வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் தெரிந்துகொள்வேன். குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் அந்தக் காலத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு ஏலக்காட்டுக்குள் நடந்த ஒரே பெண் அவள்தான். பழைய ஜீப்பு டயரை வெட்டித் தைத்த செருப்பு. தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும். ஈரச் சருகின்மேல் அவள் நடந்தால் டொப்பு, டொப்பு என்று சத்தம் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள்.

ஏலச்செடி மகாலட்சுமி, செருப்புக் காலோடு உள்ளே போனால் காய் பிடிக்காது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். மற்றச் செடிகளைப்போல ஏலம் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு தரையாகப் படருகிற சரத்தில்தான் காய்க்கும். காய் இருக்கிற இடத்திலேயே நாங்கள் கால் வைக்க வேண்டியிருந்தது. அதனால் வந்த பயமாக இருக்கலாம்.

கங்காணி ராக்கையா வாரத்துக்கு ஒருமுறையாவது அவளைப் பிடித்துக்கொள்வார்.

"ஏ முத்துப்பேச்சி, மகாலட்சுமி மேல செருப்புக் காலோட ஏறுறியே, வெளங்குமா?"

"ஏண்ணே, என் காலு சீப்பிடிச்சாத்தான் அவளுக்கு மனசு குளுருமா? நீங்கதான் அவளுக்கு நெருக்கமாச்சே, கேட்டுச் சொல்லுங்க."

கங்காணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பால் போய்விடுவார். அவளைக் கோபிக்கவும் முடியாது. முதலில் நிரம்புவது எப்போதும் அவள் கூடைதான்.

அந்தச் செருப்பு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. எழுபத்து நான்காம் வருஷ மழையில், சாய்வாக வெட்டி விட்டிருந்த ஏலத்தட்டை ஒன்று அவள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் நொண்டிக்கொண்டே போடிக்கு இறங்கிப்போய், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லிச் செய்து வாங்கி வந்தாள்.

அவள் சிலமலையில் பிறந்தவள். தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபிறகு, தங்கச்சி பொன்னுமணியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை தேடி மலையேறினாள். அப்போது பொன்னுமணிக்குப் பத்து வயது. அக்காவைக் கட்டினவர் ஒருவர் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்குப் போனவர் திரும்பவில்லை. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், "பூப்பாறைச் சந்தைக்கு உப்பு வாங்கப் போயிருக்காரு. ஒம்பது வருசமாச்சு, இன்னும் எடை போட்டு முடியல" என்பாள். கேட்டவர்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பொன்னுமணி பெரியவளானதும், குரங்கணியில் சுமை தூக்குகிற கன்னையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தாள் அக்கா. முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே செத்துப் பிறந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பலாமரத்தடியில் புதைத்தார்கள். முத்துப்பேச்சி அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். எழுபத்து எட்டாம் வருஷம் தை மாதம் பொன்னுமணிக்கு மறுபடியும் ஆறு மாதம். முகம் பழுத்த இலை மாதிரி இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். யாரும் பார்க்காதபோது அடுப்புச் சாம்பலை விரலால் தொட்டு நக்குவாள். "மசக்கை, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் பெரியவர்கள்.

அந்தத் தை மாதத்தில்தான் மதுரையிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். பன்னிரண்டு பேர். குரங்கணிப் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு, பத்து நாள் சுற்று வட்டாரத்துக்குச் சேவை செய்துகொண்டே படிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வைத்த பாடம். எங்கள் லயத்துக்கு இரண்டு பேரை ஒதுக்கியிருந்தார்கள். சந்திரவல்லி என்று ஒரு பெண், அழகுமலை என்று ஒரு பையன். மைக்ரோஸ்கோப்புப் பெட்டியைத் தலையில் சுமந்து மேலே கொண்டுவந்தவன் கன்னையன்தான். "உள்ள என்ன, தங்கமா?" என்று கேட்டானாம். "அதவிட மேல" என்றானாம் அழகுமலை.

முதல் நாள் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வந்தார்கள். ஒரு பெண்கூட விரல் நீட்டவில்லை. இரண்டாம் நாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அழகுமலை பெண்கள் முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி கொடுத்தான். பெட்டியின்மேல் அவரவர் பேர் எழுதி ஒட்டியிருந்தது. நாளைக் காலையில் வெளிக்குப் போகும்போது, வாழையிலைத் துணுக்கில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து இதில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றான். வயிற்றில் கொக்கிப்புழு என்று ஒரு பூச்சி இருந்தால் ரத்தத்தைக் குடித்துவிடும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இது என்றான். நன்றாகத்தான் சொன்னான். ஆனால் எங்கள் கண்ணெல்லாம் பெட்டியின்மேல் இருந்த பேரில் நின்றுவிட்டது.

பகல் முழுக்கக் காய் பறிக்கையில் வேறு பேச்சே இல்லை. வயதில் மூத்த ஆயம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"மயிரு, நெகம், காலடி மண்ணு, இதுல ஒண்ணு கெடச்சாலே போதும்பாக மலையாளத்து மந்திரவாதிக. இவுக வகுத்துக்குள்ள கெடந்ததையே கேக்குறாக. அதுல பேரு வேற எழுதி!"

"டாக்டரு பிள்ளைக அப்படிச் செய்யுமா?"

"இவுக செய்ய மாட்டாக. பெட்டி கை மாறாதுங்கறதுக்கு யாரு பொறுப்பு?"

கொடுக்கப் பயம். கொடுக்காமல் இருக்கவும் பயம். படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். முத்துப்பேச்சி அக்கா இடுப்பிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

"எல்லாப் பெட்டியையும் எங்கிட்டக் கொண்டாங்க."

"எதுக்குடி?"

"எனக்குச் செய்வினை வச்சு யாரு என்னத்தப் புடுங்கப் போறா? புருசனா, பிள்ளையா, காணியா? என்னோடதையே முப்பத்தொரு பெட்டியிலயும் வச்சுக் குடுத்துர்றேன். சோலி முடிஞ்சது."

எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அம்புட்டுக்கு வேணுமேடி!" என்றாள் ஆயம்மாள். "ரெண்டு கிண்ணம் கேப்பைக்களி தின்னாப் போச்சு" என்றாள் அக்கா. பொன்னுமணியும் சிரித்தாள். சிரித்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் முப்பத்தொரு தீப்பெட்டிகளும் ஒரு சுளகில் வரிசையாக வந்து சேர்ந்தன. "சந்தோசம், எல்லாரும் ஒத்துழைச்சிருக்கீங்க" என்று அழகுமலை கையெடுத்துக் கும்பிட்டான்.

இரண்டு நாள் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தான் அவன். ஐந்தாம் நாள் பெரட்டில் முடிவைச் சொன்னபோது அவன் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "ஒருத்தருக்குமே பூச்சி இல்ல. புத்தகத்துல இருக்கிறதுக்கு நேர்மாறா இருக்கு" என்றான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துப்பேச்சி அக்கா மட்டும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

சந்திரவல்லி சிரிக்கவும் இல்லை, குழம்பவும் இல்லை. வரிசையில் ஒவ்வொருத்தியின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்னுமணியிடம் வந்ததும் நின்று, அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கழுவின சங்கு மாதிரி இருந்தது.

"இவங்களை உடனே போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்படியே விட்டா பிரசவம் தாங்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் கன்னையன் லயத்துக்கு வந்தபோது அவனிடமும் அதையே சொன்னாள். தீப்பெட்டி விஷயம் ஆண்களுக்குத் தெரியாது. பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான சோதிச்சுப் பாத்தீக? ஒண்ணுமில்லேன்னு நீங்கதான சொன்னீக? பெறகு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றான் கன்னையன். அவன் கெட்டவன் இல்லை. ஒன்றுமில்லை என்று கேட்டதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். அதை விட மனசு வரவில்லை.

பொன்னுமணியும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குப் பயம். "எனக்குத்தான் ஒண்ணுமில்லேன்னுட்டாகளே, அக்கா" என்றாள், தனக்கே தெரிந்த பொய்யை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் முத்துப்பேச்சி அக்கா வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. கங்காணிகூட, "என்ன, மகாலட்சுமி ஒன் நாக்கக் கட்டிட்டாளா?" என்று கேட்டுப் பார்த்தார்.

எட்டாம் நாள் காய் பறிக்கும்போது எனக்கு அடுத்த வரிசையில் இருந்த பொன்னுமணி குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். உதடு வெளுத்திருந்தது. டொப்பு டொப்பென்று சத்தம் கேட்டது, இந்தத் தடவை வேகமாக. அக்கா வந்து தண்ணீர் தெளித்து, மடியில் போட்டுக்கொண்டாள். கண் விழித்தவள், "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

நான் சொல்ல நினைத்தது மூன்று நாளாக எனக்குள்ளேயே கிடந்தது. "அக்கா, அந்தப் பெட்டியில இருந்தது பொன்னுமணியோடது இல்லையே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்டி" என்றாள்.

மறுநாள் பிள்ளைகளுக்கு முகாமில் ஒன்பதாம் நாள். அதற்கடுத்த நாள் காலையில் மதுரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடியிருந்தோம். ஸ்டோர் மூட்டையை இறக்க கன்னையனும் வந்திருந்தான். கங்காணி பேர் கூப்பிட ஆரம்பிக்கும் முன்னே முத்துப்பேச்சி அக்கா நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த முப்பத்தொரு பெட்டியும் என்னோடது."

அழகுமலைக்குப் புரியவில்லை. "உங்களோடதுன்னா?"

"என்னோடதுதான். எல்லாத்துலயும் நாந்தான் வச்சேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு நாளா கண்ணு நோகப் பாத்தேனே! எங்கள ஏமாத்திட்டீங்களே!"

"ஏமாத்தல தம்பி. கேட்டது முப்பத்தொண்ணு. குடுத்தது முப்பத்தொண்ணு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. செய்வினைப் பயத்தையும், பேர் எழுதியதையும், தான் எதற்கு முன்வந்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ஆயம்மாள் பல்லைக் கடித்தாள். "காட்டிக் குடுத்துட்டாளே பாவி" என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி முனகினாள். கன்னையன் மூட்டையைக் கீழே போட்டான்.

"பொன்னுமணி பெட்டியுமா, மதினி?"

"ஆமா மாப்ளே. நல்லாருக்குன்னு வந்த சேதி என் வகுத்துக்கு வந்தது. அவ வகுத்துக்கு இல்ல. நீ என்னை என்ன வேணா வையி. அவளக் கீழ கொண்டுபோ."

கன்னையன் அவளை வையவில்லை. நின்றது நின்றபடி அழுதான்.

சந்திரவல்லி இதற்குள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அப்படின்னா உங்களுக்குப் பூச்சி இல்ல. இதே காடு, இதே தண்ணி, இதே சாப்பாடு. உங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே குனிந்து அக்காவின் காலைப் பார்த்தாள். பிறகு எங்கள் காலையெல்லாம் பார்த்தாள். எங்கள் விரலிடுக்கில் எல்லாம் சேற்றுப்புண். அக்கா கால் சுத்தமாக இருந்தது.

"இந்தப் புழு வாய் வழியாப் போறதில்ல. வெளிக்குப் போற இடத்து ஈர மண்ணுல பொரிச்சு, வெறுங்கால் வழியா உள்ள ஏறுது" என்றாள் சந்திரவல்லி.

"கால் வழியா வகுத்துக்குப் போகுமா? வழி மாறிப் போயிராது?" என்றாள் ஆயம்மாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கங்காணி ராக்கையா அக்காவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கம்பில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டிப் பொன்னுமணியைக் கிடத்தினார்கள். முன்னால் கன்னையன் தோள் கொடுத்தான். பின்னால் வந்து நின்றவன் அழகுமலை. கிளம்புகிற நேரத்தில் அக்கா திரும்பி சந்திரவல்லியிடம் சொன்னாள்:

"பேரு வேணாம் தாயி. இவளுக அவளவ பெட்டிக்கு அவளவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு அடையாளம் வைக்கட்டும். பாத்து முடிச்சதும் இவளுக கண்ணு முன்னாலயே எரிச்சிருங்க. அப்பக் குடுப்பாளுக. ஏ ஆயம்மா, குடுப்பியா?"

"எரிச்சாக் குடுக்குறேன்" என்றாள் ஆயம்மாள்.

சந்திரவல்லி மட்டும் அவர்களைக் கூட்டி வந்திருந்த பேராசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்கினாள். கீழே போன அக்கா தங்கச்சி இரண்டு பேர் போக, இருபத்தொன்பது பெட்டிகள். ஒருத்தி சிவப்பு நூல் சுற்றியிருந்தாள், ஒருத்தி ஏல விதை ஒட்டியிருந்தாள், ஒருத்தி வளையல் துண்டு செருகியிருந்தாள். என் பெட்டிக்கு நான் வைத்த அடையாளத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு பெட்டிகளில் பூச்சி முட்டை இருந்தது. முடிவை சந்திரவல்லி யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பூச்சி இருந்த அடையாளங்களை ஒரு தாளில் வரைந்து ஸ்டோர்க் கதவில் ஒட்டிவிட்டு, அந்த அடையாளக்காரிகள் தனியாக வந்து மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள். பெட்டிகளைக் களத்தில் போட்டு எரித்தபோது, சாம்பல் ஆறும்வரை ஆயம்மாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கீழே பொன்னுமணிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. போடியிலிருந்து பெரியகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். முத்துப்பேச்சி அக்கா கையை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றாளாம். அவள் ரத்தம் சேரவில்லை. அழகுமலையுடையது சேர்ந்தது. "ஒரே வகுத்துல பொறந்தவ ரத்தம் சேராதாம், மதுரக்காரன் ரத்தம் சேருமாம். என்ன நியாயமோ" என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் போடிக்குப் போய்வரும் ஆட்கள் மூலம் அந்த வருஷம் முழுக்க அழகுமலைக்கு முற்றின பச்சை ஏலக்காயாகப் பொறுக்கிக் கட்டி அனுப்பினாள்.

பங்குனியில் பொன்னுமணி தானாகவே மறுபடி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். இந்தத் தடவை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சித்திரையில் பெண் பிள்ளை பிறந்தது. சின்னதாக இருந்தாலும் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது என்றான் கன்னையன். சுருளியம்மாள் என்று பேர் வைத்தார்கள்.

செருப்பு அத்தனை சுலபமாக வந்துவிடவில்லை. மாணவர்கள் முதலாளியிடம் எழுதிக் கேட்டார்கள், பதில் இல்லை. அக்கா தானே போடியில் ஜீப்பு நிற்கிற இடங்களில் தேய்ந்த டயர்களைக் கேட்டு வாங்கி, கன்னையன் தலையில் ஏற்றி, செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய்ப் போட்டாள். முதலில் ஆறு பேர் போட்டுக்கொண்டோம். ஸ்டோர் வாசலில் மட்டும் கழற்றிவிட்டு உள்ளே போவது என்று கங்காணியோடு ஒரு உடன்பாடு ஆனது. அடுத்த தை மாதம் புதிதாக வந்த பிள்ளைகள் முதல் வேலையாக லயத்துக்குப் பின்னால் கக்கூசுக் குழி தோண்டினார்கள். கையெல்லாம் கொப்புளம். அக்கா பக்கத்தில் நின்று, "டாக்டரு படிப்புல மம்பட்டிக்கு மார்க்கு எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே மோர் ஊற்றினாள்.

எண்பத்து மூன்றில் மழையே இல்லாமல் ஏலம் கருகியது. செருப்புப் போட்டதால்தான் மகாலட்சுமி போய்விட்டாள் என்று பேச்சுக் கிளம்பி, சில பேர் கழற்றிப் போட்டார்கள். அக்கா யாரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. "பக்கத்து எஸ்டேட்டுல வெறுங்காலோடதான போறாக. அங்கன சரம் சரமாக் காய்ச்சுத் தொங்குதா? போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து செருப்பைத் தேடி எடுத்தார்கள்.

இப்போது எண்பத்தாறு. பொன்னுமணி ஏற்றத்தில் குடத்தோடு என்னை முந்திக்கொண்டு போகிறாள். சுருளியம்மாளுக்கு எட்டு வயது. குரங்கணிப் பள்ளிக்கூடத்துக்கு டயர் செருப்போடு இறங்குகிறாள். காலுக்குப் பெரிசு, வளருகிற பிள்ளை என்று பெரியம்மாதான் அப்படித் தைக்கச் சொன்னாள். தை பிறந்தால் மாணவர்கள் வருகிறார்கள். தீப்பெட்டிகளை முத்துப்பேச்சி அக்காதான் கொடுக்கிறாள். இந்த வருஷம் வந்த ஒரு பையன் பேர் எழுதப் பேனாவை எடுத்தான். "பேனாவ சட்டப்பையில வையி அப்பு, மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்று அவனை உட்கார வைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு குறை உண்டு. காலையில் பனி மூடியிருக்கும்போது, பெரட்டுக்கு அக்கா வருகிறாளா என்று முன்பெல்லாம் காதாலேயே தெரிந்துகொள்வேன். இப்போது பனிக்குள்ளிருந்து டொப்பு டொப்பென்று முப்பது பேர் வருகிறார்கள். அவள் பக்கத்தில் வந்து தோளில் தட்டிய பிறகுதான் தெரிகிறது.